இன்ஜின் நின்னா என்ன பண்ணுவாங்க? - தீபக் விமானத்தோட கதை

டிஸ்கி: பதிவு கொஞ்சம் நீளம். டீ போட்டு எடுத்துட்டு வந்து உக்காந்துடுங்க.

2025 நவம்பர் 14, வெள்ளிக்கிழமை. சாயங்காலம் காரைக்குடியில இருந்து அக்கா போன் பண்ணிச்சு. எடுத்ததும், "தம்பி, டிவி பாத்தியா? தாம்பரத்துல பிளேன் விழுந்துருச்சாம்"னு ஒரே பதட்டம். நம்ம வீட்ல தாம்பரத்துல யாருமே இல்ல. பின்ன எதுக்கு பதட்டம்னா, அக்கா பையன் காலேஜ் கடைசி வருஷம். ஏர்ஃபோர்ஸ்ல பைலட் ஆகணும்னு ஏஎஃப்கேட் பரீட்சைக்கு விழுந்து விழுந்து படிச்சிக்கிட்டு இருக்கான். (அதுல பைலட்டுக்குன்னு ஒரு திறன் தேர்வு உண்டு. வாழ்நாள்ல ஒரே ஒரு தடவைதான் எழுத முடியும். அதுல போச்சுன்னா பைலட் ஆசை அவ்வளவுதான்.) முந்தின நாள்தான் நார்த்தாமலைகிட்ட ரோட்டுல ஒரு குட்டி விமானம் வந்து இறங்கியிருந்துச்சு. அடுத்தடுத்து ரெண்டு நாள். எந்த அம்மாவுக்குத்தான் வயித்துல புளி கரைக்காது?

அக்கா கேட்ட கேள்வி ஒண்ணே ஒண்ணுதான். "நீதான் இதெல்லாம் படிக்கிறவன்ல, சொல்லு. மேல போயி இன்ஜின் நின்னா என்ன பண்ணுவாங்க?"

போன்ல ரெண்டு நிமிஷம் சமாளிச்சேன். சமாளிச்சது எனக்கே திருப்தியா இல்ல. அதான் இந்தப் பதிவு.

முதல்ல அந்த ரெண்டு நாள் மேட்டரை முடிச்சிடுவோம்.

நவம்பர் 13. சேலத்துல இருந்து கிளம்பின தனியார் பயிற்சி விமானம், செஸ்னா 172. நடுவானத்துல கோளாறு. திருச்சி - புதுக்கோட்டை நெடுஞ்சாலையில, நார்த்தாமலை பக்கம் ரோட்டுலயே இறக்கிட்டாங்க. உள்ள இருந்த ரெண்டு பேருக்கும் ஒண்ணும் ஆகல. காளையார்கோவில்ல இருந்து திருச்சி போறவங்களுக்குத் தெரியும், காரைக்குடி, திருமயம், புதுக்கோட்டை தாண்டி கீரனூர் போற அதே ரோடு. நான் எத்தனையோ தடவை அதுல பஸ்ல தூங்கிக்கிட்டே போயிருக்கேன். பஸ்சுக்கு முன்னாடி விமானம் இறங்கும்னு கனவுல கூட வந்ததில்ல.

நவம்பர் 14. இது ராணுவ சமாச்சாரம். தாம்பரம் விமானப்படைத் தளத்தோட பிலாட்டஸ் பிசி-7 பயிற்சி விமானம். மத்தியானம் ரெண்டரை மணி வாக்குல திருப்போரூர் பக்கம் உப்பளப் பகுதியில விழுந்துச்சு. விமானி எஜெக்‌ஷன் இருக்கையை இழுத்து வெளிய வந்து பாராசூட்ல பத்திரமா இறங்கிட்டார். கீழ இருந்த யாருக்கும் எதுவும் ஆகல.

ஒருத்தர் விமானத்தை விடாம தரைக்குக் கொண்டு வந்தார். இன்னொருத்தர் விமானத்தை விட்டுட்டு உயிரோட வந்தார். ரெண்டுமே சரிதான். ஆனா இந்த ரெண்டு வழியுமே சரியா அமையாத ஒரு விமானம் நம்ம நாட்டுல கால் நூற்றாண்டு ஓடிச்சு. அதை யாரும் ஞாபகம் வெச்சிக்கல. அங்க வர்றதுக்கு முன்னாடி அக்கா கேள்விக்குப் பதில் சொல்லிடறேன்.

இன்ஜின் நின்னா விமானம் கல்லு மாதிரி பொத்துன்னு விழுந்துடும்னுதான் நம்மள்ல பாதிப் பேர் நினைக்கிறோம். அப்படி இல்ல. இறக்கை இருக்குற வரைக்கும், காத்து அது மேல ஓடுற வரைக்கும், அது பறக்கும். சைக்கிள்ல மேட்டுல இருந்து பெடல் மிதிக்காம இறங்குற மாதிரி. உயரத்தைச் செலவழிச்சு தூரத்தை வாங்கிக்கணும். செஸ்னா 172 மாதிரி ஒரு விமானம் ஒரு அடி கீழ இறங்க சுமார் ஒன்பது அடி முன்னால போகும்.

நம்ம ஊர்க் கணக்குல சொல்றேன். காளையார்கோவில் கோபுரத்துக்கு நேர் மேல 3000 அடியில இன்ஜின் நின்னுச்சுன்னு வெச்சிக்குவோம். காத்து இல்லைன்னா எட்டு கிலோமீட்டர் சுத்துவட்டத்துக்குள்ள எங்க வேணாலும் இறங்கலாம். கையில இருக்குறது சுமார் நாலு நிமிஷம். அதே 1000 அடின்னா தூரம் மூணு கிலோமீட்டர் கூட இல்ல, நேரம் ஒண்ணரை நிமிஷத்துக்கும் கம்மி. நம்ம பஸ் ஸ்டாண்டுல டீ சொல்லிட்டு, அது கைக்கு வர்றதுக்குள்ள முடிஞ்சிடும்.

அந்த ஒண்ணரை நிமிஷத்துல என்னென்ன வேலைன்னு பாருங்க. முதல்ல மூக்கைச் சரியான கோணத்துல வெச்சு, சறுக்குற வேகத்தைப் பிடிக்கணும். பயத்துல மூக்கைத் தூக்கினா காத்து விட்டுப் போயி நிஜமாவே விழுந்துடும். அடுத்து இடம் பாக்கணும். காத்து எந்தப் பக்கம் அடிக்குதுன்னு பாக்கணும், ஏன்னா எதிர்க்காத்துல இறங்கினாத்தான் தரையைத் தொடுற வேகம் குறையும். நடுவுல எரிபொருள் வால்வு திறந்திருக்கா, வேற டேங்க்குக்கு மாத்தினா வருமா, இக்னிஷன் சரியா இருக்கான்னு ஒரு சுத்து தடவிப் பாக்கணும். ரேடியோவுல "மேடே" சொல்லணும். வராதுன்னு உறுதியாச்சுன்னா எரிபொருளையும் மின்சாரத்தையும் மூடணும், இறங்குறப்ப தீப்பிடிக்காம இருக்க. கதவையோ மூடியையோ லேசா திறந்து வெச்சிக்கணும், நசுங்கி மாட்டிக்காம இருக்க. இத்தனைக்கும் வெளிய சத்தமே இல்லாம, காத்து இரைச்சல் மட்டும் கேட்டுக்கிட்டு இருக்கும். புரொப்பெல்லர் காத்துக்குச் சும்மா சுத்திக்கிட்டு இருக்கும், காத்தாடி மாதிரி.

இன்னொரு விஷயம். கிளம்புன உடனே இன்ஜின் நின்னுச்சுன்னா, மனசு என்ன சொல்லும்? "திரும்பு, பின்னாடிதான் ரன்வே இருக்கு"ன்னு சொல்லும். அதைத்தான் கேக்கக் கூடாது. திரும்புறதுக்கே இருக்குற உயரம் எல்லாம் கரைஞ்சு போயிடும். நேரா முன்னாடி எது இருக்கோ அதுல இறக்குன்னுதான் ஆரம்பத்துல இருந்தே தலையில அடிச்சு சொல்லித் தர்றாங்க. உலகம் பூரா இந்த ஒரு தப்புல போன உயிர் ரொம்ப.

இவ்வளவு படிச்சதுக்கு அப்புறம் எனக்கு ஒரு வியாதி வந்துடுச்சு. எங்க போனாலும் இங்க விமானம் இறங்குமான்னு பாக்குறது :-) வீட்டுக்காரம்மா தலையில அடிச்சிக்கிறாங்க.

நம்ம பக்கம் பாத்தா வானம் பார்த்த பூமி, பொட்டல்காடு, எங்க வேணாலும் இறக்கலாம்னுதான் தோணும். இறங்கிப் பாத்தாத்தான் தெரியும். ஐப்பசி கார்த்திகையில வயலெல்லாம் தண்ணி நிக்கும். சேத்துல முன்சக்கரம் பொதிஞ்சா விமானம் குட்டிக்கரணம்தான். சித்திரையில காஞ்சு கிடக்கும், ஆனா இருபதடிக்கு ஒரு வரப்பு. கண்மாய்? கோடையில வத்திப் போன கண்மாய் மேல இருந்து பாக்க மைதானம் மாதிரி இருக்கும். ஆனா முக்கால்வாசி கண்மாயில சீமைக்கருவேலம் மண்டிக் கிடக்கு. மிச்ச இடத்துல மண்ணு அள்ளுன குழி. இது பத்தாதுன்னு கரண்டு கம்பி. மேல இருந்து பாக்குறப்ப கம்பி தெரியவே தெரியாது, கம்பத்தைத்தான் பாத்து ஊகிக்கணும்னு பைலட்டுகளுக்குத் தனியாப் பாடமே இருக்கு.

(சைடு டிராக்: இந்த மண்ணு வந்தவங்களுக்குச் சுலபமா இடம் கொடுக்காதது புதுசில்ல. 1801ல மருது பாண்டியரைப் பிடிக்கக் கர்னல் அக்னியூ படை சிறுவயல் பக்கமிருந்து காட்டை வெட்டி வழி போட்டு காளையார்கோவிலுக்கு வரப் பாத்துச்சு. ஒரு மாசம் போல வெட்டியும் முடியாம விட்டுட்டு, அப்புறம் வேற வழியாத்தான் வந்தாங்க. அந்தக் காடு போச்சு, கருவேலம் வந்துச்சு.)

இந்த லட்சணத்துல, நம்ம பக்கத்துலயே ஒரு நிஜ ஓடுதளம் இருக்கு. கானாடுகாத்தான் பக்கம், செட்டிநாடு கால்நடைப் பண்ணையை ஒட்டின பழைய ஏரோட்ரோம். இரண்டாம் உலகப் போர் காலத்து சமாச்சாரம். 1942 ஏப்ரல்ல ஜப்பான் விமானங்கள் 5ஆம் தேதி கொழும்பு, 6ஆம் தேதி விசாகப்பட்டினமும் காக்கிநாடாவும், 9ஆம் தேதி திருகோணமலைன்னு வரிசையாக் குண்டு போட்டதும் வெள்ளைக்காரனுக்குத் தூக்கம் போச்சு. அந்தப் போர்க் காலத்துலதான் தமிழ்நாடு பூரா ஓடுதளம் முளைச்சுது. சோழவரம், உளுந்தூர்பேட்டை, கயத்தாறு, இந்தச் செட்டிநாடு எல்லாம் அந்த வகையறா. போர் முடிஞ்சதும் பாதி அப்படியே கிடந்துச்சு. சோழவரத்துல கார் ரேஸ் விட்டாங்க. நம்ம செட்டிநாட்டுல புல்லு முளைச்சுது.

அந்தக் காலத்துல கத்துக்குட்டி பைலட்டுகள் ஓட்டினது டைகர் மாத். ரெண்டு அடுக்கு இறக்கை, துணி போர்த்தின உடம்பு. பேகம்பேட்டையிலயும் ஜோத்பூர்லயும் ஆரம்பப் பறத்தல் பள்ளி இருந்துச்சு. டைகர் மாத் இறங்குற வேகம் ரொம்பக் கம்மி, அதனால இன்ஜின் நின்னாலும் ஏதோ ஒரு பொட்டல்ல உக்காத்தி வெச்சிடலாம். அதுக்கு அடுத்து வந்தது நம்ம ஆளுங்களே பெங்களூர்ல பண்ணினது, ஹெச்டி-2. டாக்டர் வி.எம். காட்கே வடிவமைச்சது, 1951 ஆகஸ்ட் 5ல முதல்ல பறந்துச்சு. சுதந்திரம் வாங்கி நாலே வருஷத்துல! எத்தனையோ தலைமுறை பைலட்டுகள் இதுல கத்துக்கிட்டாங்க. இதுக்கும் வயசாச்சு. அதுக்கு மாத்தா வந்த விமானந்தான் நம்ம கதாநாயகன்... இல்ல, வில்லன்னு சொல்லணுமோ.

ஹெச்பிடி-32. பேரு தீபக். 1977 ஜனவரி 6ல முதல் பறத்தல். ராஜ் மகிந்திரா தலைமையில ஹெச்ஏஎல் வடிவமைச்சது. 1980கள்ல விமானப்படைக்கு வந்துச்சு. ஆசிரியரும் மாணவரும் பக்கத்துப் பக்கத்துல உக்காரலாம், கார் மாதிரி. மடங்காத நிலைச் சக்கரம். அமெரிக்க லைகமிங் பிஸ்டன் இன்ஜின், 260 குதிரை சக்தி. பாக்க சாதுவா இருக்கும். ஒரு கால கட்டத்துல விமானப்படையில சேர்ந்த ஒவ்வொரு பைலட்டும் முதல்முதலா தனியாப் பறந்தது இதுலதான். நம்ம தாம்பரத்துக்கும் சம்பந்தம் உண்டு. பைலட்டுகளுக்குப் பாடம் எடுக்குற வாத்தியார்களை உருவாக்குற பள்ளி ஒண்ணு இருக்கு. 1948ல அம்பாலாவுல ஆரம்பிச்சு 1954ல தாம்பரத்துக்கு வந்துச்சு. அங்கயும் தீபக் ஓடியிருக்கு.

பிரச்னை என்னன்னா, தீபக் இன்ஜின் பறக்குறப்பவே நிக்கும். ஒரு தடவை ரெண்டு தடவை இல்ல, திரும்பத் திரும்ப. எரிபொருள் போற பாதையில கோளாறு. விமானப்படையும் ஹெச்ஏஎல்லும் ஆராய்ஞ்சாங்க, மாத்தினாங்க, மறுபடியும் நின்னுச்சு.

எங்க அய்யா காலத்துல தோட்டத்துல அஞ்சு குதிரை டீசல் இன்ஜின் இருந்துச்சு. தண்ணி பாய்ஞ்சிக்கிட்டு இருக்குறப்ப "டக் டக்"னு இருமும், நின்னுடும். "ஏர் புடிச்சிருச்சுடா"ம்பார் அய்யா. டீசல் குழாய்ல காத்து பூந்து வழியை அடைச்சுக்கும். ஸ்பேனரை எடுத்து நட்டை லேசா இளக்கி, நுரை போயி சுத்த டீசல் வர்ற வரைக்கும் விட்டு, திரும்ப முடுக்கி, ஹேண்டிலைப் போட்டு சுத்துனா ஓடும். பத்து நிமிஷ வேலை. நான் வரப்புல உக்காந்து வேடிக்கை பாப்பேன். விமானத்துல பெட்ரோல் பாதையில காத்தோ ஆவியோ அடைச்சாலும் விஷயம் இதேதான். வித்தியாசம், அங்க நட்டை இளக்க ஆளும் இல்ல, பத்து நிமிஷமும் இல்ல.

சரி, நின்னா சறுக்கிக்கிட்டு வந்து இறக்க வேண்டியதுதானேன்னு கேப்பீங்க. அங்கதான் அடுத்த கொடுமை. சறுக்கிப் போறதுல தீபக் கெட்டி இல்லைன்னு அதை ஓட்டினவங்களே சொல்லியிருக்காங்க. அதாவது இன்ஜின் நிக்கிறதும் அடிக்கடி, நின்னா கையில இருக்குற நேரமும் கம்மி. எஜெக்‌ஷன் இருக்கையும் கிடையாது. மூடியைத் திறந்து, பெல்ட்டைக் கழட்டி, எந்திரிச்சு, இறக்கையில ஏறிக் குதிக்கணும்னா அதுக்கே நல்ல உயரம் வேணும். தாழ்வாப் போறப்ப நின்னா கடவுள் விட்ட வழி.

மொத்தம் 17 விபத்து. 19 பைலட்டுகள் செத்துப் போனாங்க. எதிரி சுட்டு இல்ல. ஆனா ஆவன்னா கத்துக்குற விமானத்துல.

2009 ஜூலை 31ல ஹைதராபாத் பக்கம் மேடக் மாவட்டத்துல ஒரு தீபக் விழுந்துச்சு. உள்ள இருந்த ரெண்டு பேரும் கத்துக்குட்டிங்க இல்ல, பாடம் சொல்லித் தர்ற வாத்தியாருங்க. ரெண்டு பேரும் இறந்துட்டாங்க. அத்தோட மொத்த தீபக்கையும் தரையில நிறுத்திட்டாங்க. விமானத்தையே தூக்கிப் பிடிக்கிற மாதிரி பெரிய பாராசூட் பொருத்தி மறுபடி பறக்க விடலாமான்னு கூட ஒரு யோசனை ஓடிச்சு. கடைசியில தீபக் திரும்பப் பறக்கவே இல்ல.

இதே 2009, இதே மாதிரி ஒரு இன்ஜின் கதை உலகத்துக்கே தெரியும். ஜனவரி 15, நியூயார்க். பறவைக் கூட்டம் மோதி ரெண்டு இன்ஜினும் போன ஏர்பஸ் விமானத்தை கேப்டன் சல்லன்பெர்கர் ஹட்சன் ஆத்துல இறக்கினார். 155 பேரும் பிழைச்சாங்க. பறவை மோதினதுல இருந்து தண்ணியைத் தொட்டது வரைக்கும் 208 செகண்டு. டாம் ஹேங்ஸ் நடிச்சு படமே வந்துச்சு. அந்த மனுசன் முன்னாள் அமெரிக்க விமானப்படை ஆளு. பெரிய வேலைதான், நானும் படத்தை மூணு தடவை பாத்திருக்கேன். ஆனா அதே வருஷம் ஜூலையில நம்ம மேடக்ல போன அந்த ரெண்டு வாத்தியாருங்களைப் பத்தி எத்தனை பேருக்குத் தெரியும்? எனக்கே இந்தப் பதிவுக்காகத் தேடிப் படிக்கிற வரைக்கும் தெரியாது.

எனக்கு இதுல ஒரு கோபம் உண்டு. இன்ஜின் நின்னும் ஒரு பையன் வயல்ல பத்திரமா இறக்கினா "சபாஷ்"னு முதுகுல தட்டுறோம். தட்டணும், தப்பில்ல. ஆனா அந்த சபாஷ் ஒரு விதத்துல ஆபத்து. "பாத்தியா, நின்னாலும் இறக்கிடலாம்"னு ஆயிடுது. விமானத்தோட கோளாறு பைலட்டோட திறமைக்குள்ள ஒளிஞ்சிக்குது. திறமை பத்தாத அன்னிக்கோ, கீழ நல்ல இடம் இல்லாத அன்னிக்கோ, அது வெளிய வருது. முதல் சில விபத்துலயே நிறுத்தியிருந்தா அந்த 19ல எத்தனை பேர் இன்னிக்குப் பேரப்பிள்ளை எடுத்திருப்பாங்க? மாத்து விமானம் இல்ல, அதனாலதான் ஓட்டினாங்கன்னு சொல்லலாம். 2009ல நிறுத்தினப்பவும் மாத்து விமானம் இல்லதான். கத்துக்குட்டிங்களை நேரா கிரண் ஜெட்டுல ஏத்தி சமாளிச்சாங்க. கிரணும் 1964ல முதல்ல பறந்த பழைய ஆளு. சைக்கிள் ஓட்டாத பையனை நேரா புல்லட்டுல ஏத்தின கதை. கஷ்டந்தான், ஆனா முடிஞ்சுதா இல்லையா?

அதுக்கு அப்புறந்தான் சுவிட்சர்லாந்து பிலாட்டஸ் வந்துச்சு. 2012 மே மாசம் 75 விமானத்துக்கு ஒப்பந்தம், மதிப்பு 2,900 கோடி ரூபாய்க்குக் கொஞ்சம் கம்மி. 2013 மே 31ல துண்டிகல் அகாடமியில முறைப்படி சேர்த்தாங்க. இதுல பிஸ்டன் இன்ஜின் இல்ல, டர்போப்ராப். காத்தை அமுக்கி எரிச்சு டர்பைனைச் சுத்தி அதால புரொப்பெல்லரை ஓட்டுறது. முன்னும் பின்னும் நகர்ற பிஸ்டன் எதுவும் கிடையாது, நம்பகம் ஜாஸ்தி. அதை விட முக்கியம், ரெண்டு பேருக்கும் மார்ட்டின் பேக்கர் எஜெக்‌ஷன் இருக்கை. அந்த கம்பெனி இருக்கை இதுவரைக்கும் உலகம் பூரா 7,700க்கு மேல உயிரைக் காப்பாத்தியிருக்கு. திருப்போரூர்ல வெளிய வந்தவரும் அந்தக் கணக்குல ஒருத்தர்.

அதுக்காக பிலாட்டஸ்னா பயமே இல்லைன்னு அக்காகிட்ட நான் பொய் சொல்லல. 2023 டிசம்பர் 4ல தெலங்கானா தூப்ரான்ல ஒரு பிலாட்டஸ் விழுந்து ஆசிரியர், மாணவர் ரெண்டு பேருமே இறந்தாங்க. அதுவும் மேடக் மாவட்டந்தான். இருக்கை இருந்தா மட்டும் போதாது, இழுக்க நேரமும் வேணும்.

ஹெச்ஏஎல் தன் பங்குக்கு ஹெச்டிடி-40ன்னு ஒண்ணு பண்ணியிருக்கு. 2016 மே 31ல முதல் பறத்தல், 2023ல 70 விமானத்துக்கு ஆர்டர், உற்பத்தியான முதல் விமானம் 2025 அக்டோபர்ல பறந்துச்சு. அக்கா பையன் தேர்வாகி துண்டிகல் போற நேரத்துல அதுல உக்காந்தாலும் உக்காருவான். அதுலயும் டர்போப்ராப், எஜெக்‌ஷன் இருக்கை எல்லாம் உண்டு. தீபக் சொல்லிக் கொடுத்த பாடம்னு நினைச்சுக்கறேன், ட்யூஷன் ஃபீஸ்தான் ரொம்ப ஜாஸ்தி.

வயல்ல இறங்கி எல்லாரும் பிழைச்ச ராணுவக் கதை ஒண்ணும் சொல்லணும், இல்லைன்னா அக்கா இதைப் படிச்சுட்டு பையனைப் பரீட்சைக்கே விடாது. 2024 மார்ச் 5, பீகார் புத்த கயா. ராணுவத்தோட கயா அதிகாரிகள் பயிற்சி அகாடமியைச் சேர்ந்த சின்ன மைக்ரோலைட் பயிற்சி விமானம். கிளம்பின கொஞ்ச நேரத்துல கோளாறு. கோதுமை வயல்ல இறக்கிட்டாங்க. உள்ள ஒரு ஆணும் ஒரு பெண்ணும். ரெண்டு பேருக்கும் பெருசா ஒண்ணும் ஆகல. ஊர்க்காரங்க ஓடி வந்து வெளிய எடுத்து உதவி பண்ணினாங்க. ரெண்டு வருஷம் முன்னாடி, 2022 ஜனவரியிலயும் அதே அகாடமி விமானம் ஒண்ணு அதே கயாவுல வயல்ல விழுந்து, அப்பவும் ரெண்டு பேரும் தப்பிச்சாங்க.

இதுல எனக்குப் பிடிச்சது அந்த ஊர்க்காரங்க. பயிர் நாசமாச்சேன்னு முதல்ல நினைக்கல பாருங்க. மார்ச் மாசம் கோதுமை கதிர் முத்தி நிக்கிற நேரம். மெத்து மெத்துன்னு அந்தக் கதிர்தான் வேகத்தை வாங்கியிருக்கும்.

போன ஞாயித்துக்கிழமை அக்கா பையன் வீட்டுக்கு வந்திருந்தான். மேல இருக்குறதை எல்லாம் அவன்கிட்ட சொன்னேன். தீபக் கதையை அவன் கேள்விப்பட்டதே இல்ல. அந்த 19 நம்பரைக் கேட்டதும் கொஞ்ச நேரம் பேசல. "அவங்கள்லாம் எந்த வயசு மாமா?"ன்னான். வாத்தியாருங்களும் இருந்தாங்க, உன் வயசு பசங்களும் இருந்திருப்பாங்கன்னேன்.

சாயங்காலம் ரெண்டு பேரும் டிவிஎஸ்ஸை எடுத்துக்கிட்டு கண்மாய்க் கரைக்குப் போனோம். கரை மேல நிறுத்திட்டு, "இப்ப ஆயிரம் அடியில இருக்க. இன்ஜின் நின்னுச்சு. ஒண்ணரை நிமிஷம். இடம் சொல்லு"ன்னேன். வாட்சைப் பாத்தேன்.

பய புள்ள சுத்தி ஒரு தடவை பாத்தான். முதல்ல கண்மாய்க்குள்ளன்னான். அப்புறம் அவனே "இல்ல மாமா, கருவை"ன்னான். குனிஞ்சு ஒரு பிடி மண்ணை எடுத்து விட்டு, காத்து எந்தப் பக்கம்னு பாத்தான். அப்பால கிழக்கால ஒரு தரிசு, நீளவாக்குல, வரப்பு இல்லாம. அதைக் கை காட்டினான். "அது. வடக்க இருந்து வந்து இறக்கிடுவேன்."

நல்ல இடந்தான். நான் அங்கயே ரொம்ப நேரம் பாத்துக்கிட்டு நின்னேன். அப்புறம் அந்தத் தரிசோட வடக்கு ஓரத்துல, பனைமரத்துக்கு நடுவுல ஒரு கம்பம் இருந்ததைக் காட்டினேன்.

"கம்பத்தைப் பாத்தேன் மாமா. கம்பி அதுல இருந்து மேற்கால பம்புசெட்டுக்குத்தான் போகுது. தரிசு மேல வரல"ன்னான்.

டிவிஎஸ்ஸைக் கரையில இருந்து இறக்கி, கம்பி எங்க போகுதுன்னு பாக்க ரெண்டு பேருமா கிளம்பினோம்.